சூளைக்கு ஒரு லீவு

ரைஹானத் கரிக்கணக்கு எடுக்க ஆரம்பித்த அன்று முதலில் மாட்டிக்கொண்டவன் நான்தான். டைம் ஆபீஸில் போய் உட்கார்ந்து டீயில் வாய்கூட வைக்கவில்லை, வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, டவுன்லேருந்து எதுல வாரீய? கம்பெனி பஸ்ஸா, சொந்த வண்டியா?"

"சொந்த வண்டிதான். ஏன், பெட்ரோல் போட்டுத் தரப் போறியா?"

"லிட்டருக்கு எவ்வளவு ஓடுது?"

"ஓடுதோ ஓடலியோ, உனக்கு என்னம்மா அது?"

எனக்குச் சட்டென்று கோபம் வந்துவிடும். எங்கள் தொழிற்சாலையில் இது எல்லோருக்கும் தெரியும். யார் எப்போது வந்தார், எப்போது போனார், யாருக்கு லீவு, யாருக்கு இல்லை என்று அடுத்தவர்களைக் குடைவதுதான் நெல்லையப்பனாகிய என் பிழைப்பு. என்னையே ஒருத்தி வந்து குடைந்தால் எப்படி இருக்கும்? ஆனால் பதில் வாங்காமல் அவள் நகரவில்லை. டீ ஆறிப்போனதுதான் மிச்சம். கடைசியில் சொல்லித் தொலைத்தேன்.

அவளுக்குச் சொந்த ஊர் மேலப்பாளையம். வாப்பா ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் "படிச்சது போதும்" என்று உம்மா சொல்ல, "அவ கேள்வியெல்லாம் கேட்டு முடிக்கட்டும், பெறவு பாப்போம்" என்று பாளையங்கோட்டைக் கல்லூரியில் வேதியியலில் சேர்த்துவிட்டார் வாப்பா. அவள் இன்னும் கேட்டு முடிக்கவில்லை. மீன் வாங்கப் போனால் உவரி மீன்தானா, எந்த வண்டியில் வந்தது, வழியில் ஐஸ் மாற்றினார்களா என்று விசாரித்துவிட்டுத்தான் கூடையில் கை வைப்பாள். கல்யாணம் ஆகிக் கொஞ்ச நாளில் கணவர் ரசீத் அரபு நாட்டுக்கு, தம்மாமுக்கு வேலைக்குப் போய்விட்டார். இவள் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். வெள்ளைக் கோட்டுக்கு மேல் முக்காடு போட்டுக்கொண்டு, சோதனைக்குழாயைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அதோடும் ஏதோ கேட்டுக்கொண்டிருப்பாள்.

எங்கள் தொழிற்சாலை ஆற்றுக்கு வடக்கே, சுண்ணாம்புக்கல் கிடைக்கிற காட்டில் இருக்கிறது. வேலையைச் சொல்லிவிடுகிறேன், சுலபம்தான். கல்லோடு கரியைக் கலந்து உயரமான சூளையில் போட்டு எரிப்போம். கீழே சுண்ணாம்பு விழும், மேலே வாயு வரும். சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்தால் சுண்ணாம்புப் பால். அந்தப் பாலைப் பெரிய தொட்டிகளில் ஊற்றி, சூளையிலிருந்து வந்த அதே வாயுவை அதற்குள் கொப்பளிக்க விட்டால் வெள்ளை வெளேரென்று மாவு படியும். பெயிண்டுக்குப் போகும், மாத்திரைக்குப் போகும், பற்பசைக்குப் போகும். இன்று காலை நீங்கள் பல் தேய்த்ததில் நாங்களும் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

அந்தப் பற்பசையில்தான் வந்தது வினை. ஐரோப்பாவில் எங்கள் மாவை அதிகம் வாங்குகிற கம்பெனி, ஒரு கிலோ மாவு செய்ய எவ்வளவு கார்பன் காற்றில் கலக்கிறது என்று கேட்டது. அதோடு விடவில்லை. அடுத்த மார்ச்சுக்குள் அதில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் வேறு இடம் பார்ப்போம் என்றது. முதலாளி சிவகணேஷ் இளவயதுக்காரர், பதற்றக்காரர். எல்லோரையும் கூப்பிட்டு, யார் செய்வது என்று கேட்டார். ரைஹானத் மட்டும், "எது எதெல்லாம் கணக்குல வரும் சார்?" என்று கேட்டுவிட்டாள். கேள்வி கேட்டவர் தலையில் வேலை விழுவது எங்கள் கம்பெனி வழக்கம்.

கரி, விறகு, மின்சாரம், லாரி டீசல், என் வண்டி வரைக்கும் எல்லாவற்றையும் அளந்தாள். ஆட்கள் அதைக் கரிக்கணக்கு என்றார்கள், அவளைக் கரிக்கணக்குப்பிள்ளை என்றார்கள். அவள் சிரித்துக்கொண்டே அந்தப் பட்டத்தை ஏற்றுக்கொண்டாள். மாவைக் காயவைக்கும் கொதிகலனுக்குச் சீமைக்கருவேல விறகைப் பச்சையாக வாங்கிப் பச்சையாகவே எரித்துக்கொண்டிருந்தோம். அதைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஆனி, ஆடிக் காற்றில் காயப் போட்டாள். நம் பக்கத்து ஆடிக்காற்று ஆளையே தூக்கும், விறகு எம்மாத்திரம்? பாதி விறகில் வேலை முடிந்தது என்று சொன்னால் மிகை, ஆனால் நன்றாகவே குறைந்தது. நீராவிக் குழாய்களுக்குச் சூடு போகாமல் சட்டை போட்டாள். கொட்டகைக் கூரையில் சூரியத் தகடு வந்தது. இவ்வளவுக்கும் பிறகு கேட்ட அளவில் கொஞ்சம் பாக்கி நின்றது.

சூளையின் புகைபோக்கியில் வாயுவை அளக்க ஒரு மீட்டர் மாட்டியிருந்தாள். ஒருநாள் அதைப் பற்றிக் கேட்க என்னிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, மத்த நாள்ல வாயு பெரும்பாலும் தொட்டிக்குத்தான் போகுது. இடையில சில நாள் மட்டும் மொத்தமா வானத்துக்குப் போகுது. போன ஆனியில ரெண்டு நாள். பக்ரீத் சமயத்துல ரெண்டு நாள். அன்னைக்கெல்லாம் இங்கன என்ன நடந்துச்சு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன நடந்துச்சா? ஒண்ணும் நடக்கலை. அது நம்ம லீவும்மா."

இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் கம்பெனியில் யாருடைய திருவிழாவாக இருந்தாலும் எல்லோருக்கும் லீவு. பழைய முதலாளி, அதாவது சிவகணேஷின் அப்பா காலத்தில், பாவா என்று ஒரு ஃபிட்டர் இருந்தார், தொட்டிக்கு வாயுவைத் தள்ளுகிற கம்ப்ரசர் அவர் பொறுப்பு. பெருநாளுக்கு லீவு கேட்டார். "நீரு போயிட்டா கம்ப்ரசரை யாருவே பாப்பா? ஓடாத மிஷினுக்குக் காவலா? எல்லாரும் போங்க" என்று எரிச்சலில் சொல்லிவிட்டார் முதலாளி. எல்லோரும் போனார்கள், நேராகப் பாவா வீட்டுக்கு, பிரியாணி சாப்பிட. அன்று தொடங்கியது. ஆனித் தேருக்கு எல்லோரும் வந்து வடம் பிடிப்போம். குலசை தசராவுக்கு எல்லோரும் ஒரே வேனில் போவோம். உவரி அந்தோணியார் திருவிழாவுக்கு எலெக்ட்ரீஷியன் ஜெனோ வீட்டில் மீன்குழம்பு. பாவா ஓய்வு பெற்றபின் பெருநாள் சாப்பாடு ரைஹானத் வீட்டுக்கு மாறியது. நான் சைவம். எனக்கென்று ஒரு பாத்திரத்தைத் தனியாகவே வைத்திருந்து, அதில் தேங்காய்ச்சோறும் கத்திரிக்காயும் செய்து தருவாள். அந்தக் கத்திரிக்காய்க்காகவே நான் பிறை பார்ப்பேன்.

லீவு இல்லாதது ஒன்றுக்குத்தான், சூளைக்கு. சூளை அணையக் கூடாது. ஆகவே அதைப் பார்த்துக்கொள்கிற மேஸ்திரி பாபநாசத்துக்கும் லீவு இல்லை. தொட்டிக்காரர்கள் எல்லோரும் திருவிழாவுக்குப் போய்விட, அவர் மட்டும் கல்லும் கரியும் போட்டுக்கொண்டு சூளையடியில் இருப்பார். வாயுவை வாங்கத் தொட்டியில் ஆள் இல்லாததால் அது வானத்துக்குப் போகும். திரும்பும்போது அவருக்கு ஒரு தூக்குச்சட்டியில் பிரியாணி கொண்டுவருவோம். அவர் சாப்பிட்டுவிட்டுச் சட்டியைக் கழுவிக் கொடுப்பார். இது அவ்வளவு பழகிப்போயிருந்ததால் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

கணக்கு விளங்கியதும் ரைஹானத்துக்கு வழியும் விளங்கியது. தசராவுக்கு முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் தொட்டியைப் பார்ப்பது. பெருநாளுக்கு மற்ற இரண்டு மதத்துக்காரர்களும். உவரித் திருவிழாவுக்கு ஜெனோ ஆட்கள் போக, மற்றவர்கள் இருப்பது. யாருடைய திருவிழாவும் அவரவருக்குக் கெடாது, வாயுவும் வீணாகாது. முதலாளி துள்ளிக் குதித்தார். எனக்குக் கெட்ட கோபம். ஆனால் கணக்கில் ஓட்டை இல்லை. ஓட்டை இல்லாத கணக்கோடு எப்படிச் சண்டை போடுவது? முனகிக்கொண்டே முறை போட்டுக் கொடுத்தேன்.

தசரா வந்தது. எங்கள் தொட்டிக்காரன் முத்துமாலை வருடா வருடம் விரதமிருந்து காளி வேஷம் போடுகிறவன். சடைமுடி, கோரைப்பல், முதுகில் மரத்தில் செய்த எட்டுக் கைகள். அந்தக் கைகளை அவன் முதுகோடு சேர்த்துக் கட்டுவது எப்போதும் ஜெனோதான். உவரிக்காரன் போடுகிற முடிச்சு, அலையில் அடிபட்டாலும் நெகிழாது. அந்த வருடம் ஜெனோ தொட்டியடியில் இருந்தான். வேறு யாரோ கட்டினார்கள். கடற்கரையில் சூரசம்ஹாரம் நெருங்குகிற நேரத்தில், அத்தனை கூட்டத்துக்கு நடுவே, காளிக்கு ஒரு கை கழன்று இடுப்பில் தொங்கியது. அப்புறம் இன்னொன்று. முத்துமாலை இரண்டையும் தன் கையில் பிடித்துக்கொண்டே ஓரமாகப் போய் நின்றான். சிரிக்க வேண்டிய காட்சிதான். நான் சிரிக்கவில்லை. எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"என்னலே?" என்றேன்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. கட்டத் தெரியாதவன் கட்டிட்டான்" என்றான். வேனில் திரும்பும்போது யாரும் பாட்டுப் பாடவில்லை.

உவரித் திருவிழாவுக்கு ஜெனோ வீட்டில் அவன் அம்மா வழக்கம்போல ஒரு அண்டா மீன்குழம்பு வைத்துவிட்டாளாம். ஆள் இல்லை. தெருவுக்கெல்லாம் கொடுத்தோம் என்றான். கரிக்கணக்கு மட்டும் நன்றாகக் குறைந்துகொண்டே வந்தது. சிவகணேஷ் ரைஹானத்தைப் புகழ்ந்து ஒரு கூட்டம் போட்டார். கைதட்டினோம். அவளும் சந்தோஷமாக இருந்தாள் என்றுதான் நினைத்தேன்.

நோன்பு தொடங்கிய வாரம், ஆய்வுக்கூடத்துக்கு ஏதோ கேட்கப் போனேன். சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். கையில் சோதனைக்குழாய் இல்லை, செல்போன் இருந்தது.

"அவுக பெருநாளுக்கு வாராக அண்ணாச்சி" என்றாள். ரசீத் பல வருடமாகப் பெருநாளைத் தம்மாமில் அறைக்கூட்டாளிகளோடு கழிப்பவர். எங்கள் சாப்பாட்டுப் பந்தியை வீடியோவில்தான் பார்த்திருக்கிறார். "நெல்லையப்பன் அண்ணாச்சி, இலையை மூடாதீய" என்று அங்கிருந்தே கத்துவார்.

"நல்ல சேதிதானம்மா. அதுக்கு ஏன் இப்படி நிக்கே?"

"பாத்திரக்கடையில வாடகைக்குச் சட்டி சொல்லி வைக்கணுமாம். நாள் நெருங்கினா கிடைக்காதாம். பெரிய சட்டியா, சின்னச் சட்டியான்னு கேக்காக."

"பெரிய…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். பெருநாளன்று நாங்கள் எல்லோரும் தொட்டியடியில் இருப்போம். அவள் போட்ட கணக்கு, நான் போட்ட முறை.

"பெறவு சொல்லுதேன்னு போனை வச்சுட்டேன்" என்றாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "புகையைக் குறைக்கப் போயி என் வீட்டு ஆளுகளையும் குறைச்சுட்டேன் அண்ணாச்சி. கணக்கு போடும்போது இது தெரியவே இல்ல."

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. "முறையைக் கிழிச்சுப் போட்டுருதேன்" என்றேன்.

"கிழிச்சா மார்ச்ல கணக்கு நிக்காது. ஐரோப்பாக்காரன் வாங்க மாட்டான். பெறவு லீவு குடுக்கக் கம்பெனி இருக்காது" என்று மூக்கை உறிஞ்சினாள். கொஞ்சம் யோசித்தாள். "நாம எல்லாரும் லீவு போட்டாத்தானே வாயு வீணா போகுது? சூளையும் லீவு போட்டா?"

மறுநாள் நோன்போடு சூளைப்படி ஏறி பாபநாசத்தின் முன்னால் போய் நின்றாள். நானும் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். பாபநாசம் நெற்றி நிறைய விபூதியும் புருவமெல்லாம் சுண்ணாம்புமாக இருக்கிற மனிதர். எது விபூதி, எது சுண்ணாம்பு என்று சொல்ல முடியாது.

"சூளைக்கு லீவு கிடையாதும்மா" என்றார்.

"ஏன் மேஸ்திரி?"

"தொண்ணூத்திரெண்டு வெள்ளத்துல ஒரு தடவை குடுத்தோம். வழியெல்லாம் தண்ணி, யாரும் வர முடியல. அடச்சுட்டுப் போயிட்டோம். திரும்பி வந்து பாத்தா உள்ள கல்லெல்லாம் உருகி ஒண்ணா ஒட்டிக் கிடக்கு. கடப்பாரை போட்டு ஒரு மாசம் இடிச்சோம். பெரிய முதலாளி அழுதுட்டாரு. அன்னையிலேருந்து இதை அடைக்கதில்ல."

"அன்னைக்கு அடைக்கும்போது மேல கரி இருந்துச்சா?"

"இருக்கத்தானே செய்யும்? அன்னைக்குப் போட்ட கரி அத்தனையும் மேல நின்னுச்சு."

"அப்ப அடச்சதுல தப்பில்ல மேஸ்திரி. கரியோட அடச்சதுதான் தப்பு. கடைசி ரெண்டு நாள் கரியைக் குறைச்சு, அதுக்கும் பெறவு வெறுங்கல்லா போட்டா? எரியறதுக்கு எதுவும் இல்லாம நெருப்பு பைய படுத்துக்கிடாதா?"

பாபநாசம் குனிந்து சூளைக்குள் பார்த்தார். "கல்லு அசையாம கிடந்தாலும் ஒட்டும்" என்றார். "அடைக்கதுக்கு முந்தி கீழேருந்து கொஞ்சம் சுண்ணாம்பை இழுத்து விடணும். மேல் மூடியை விரல்கடை அளவு திறந்து வைக்கணும்." பிறகு, தான் ஏதோ ஒப்புக்கொண்டுவிட்டோம் என்று பயந்தவர் போல, "ஆனா நான் சொல்லல. நீ கேட்டதுக்குச் சொன்னேன்" என்றார்.

அந்த நோன்பு முழுக்க இரண்டு பேரும் அதைப் பற்றியே பேசினார்கள். அவள் நான்கு இடத்தில் சூடு காட்டும் கம்பிகளைச் சூளைக்குள் இறக்கி, அது செல்போனில் தெரிகிற மாதிரி செய்தாள். இரண்டு நாள் அடைத்தால் நெருப்பு உயிரோடு இருக்கும் என்று இருவர் கணக்கும் சொன்னது. மூன்று நாள் தாங்கும் என்று இருவர் கணக்கும் சொல்லவில்லை. சிவகணேஷ் நகத்தைக் கடித்துக்கொண்டு, "சூளை ஒட்டிக்கிட்டா?" என்று மட்டும் கேட்டார். "ஒட்டாது சார்" என்றாள். "ஒட்டினா இனிமே முறைதான், எந்தத் திருவிழாவுக்கும் நான் இதைப் பத்திப் பேச மாட்டேன்."

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. "எல்லாம் சரிம்மா, பெருநாள் என்னைக்கு?"

பிறை தெரிந்தால் மறுநாள், தெரியாவிட்டால் அதற்கு அடுத்த நாள். அது இருபத்தொன்பதாம் நோன்பன்று சாயங்காலம்தான் தெரியும். சூளைக்கோ இரண்டு நாள் முன்பே கரியைக் குறைத்தாக வேண்டும். தேர் போல முன்கூட்டியே நாள் குறித்த திருவிழா இல்லை இது.

இருபத்தொன்பதாம் நோன்பன்று மத்தியானத்தோடு தொட்டிகளைக் காலி செய்து கழுவியாயிற்று. வெறுங்கல் இறங்கிக்கொண்டிருந்தது. அது நெருப்பை எட்டுகிற நேரமும் நோன்பு திறக்கிற மக்ரிப் நேரமும் ஒன்றாக வந்தது. அந்த நேரத்தில் மூடினால்தான் மூடல், அப்புறம் காஜி அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்க முடியாது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் எங்கள் சூளைதான் உயரம். ஆகவே வீட்டுக்குப் போக வேண்டிய ஆட்களும் போகாமல் மேலே ஏறிவிட்டார்கள். முத்துமாலை, ஜெனோ, ஆபீஸ் ஆட்கள், மேல் படியில் முதலாளி. ரைஹானத் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, கண்ணுக்கு மேல் கை வைத்து மேற்கே பார்த்தாள்.

ஒன்றும் தெரியவில்லை. கடற்காற்று எழுந்துவிட்டிருந்தது. எங்கள் சூளையின் புகையை அது நேராக மேற்கே தள்ளி, பிறை தெரிய வேண்டிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. தொட்டி காலி என்பதால் வாயு மொத்தமும் அன்று வானத்தில்தான்.

"மேஸ்திரி, மூடியை இறக்குங்க. புகை மறைக்கி."

"பிறை தெரிஞ்சாத்தானம்மா மூடணும்?"

"மூடினாத்தானே பிறை தெரியும்?"

"மூடின பெறவு பிறை இல்லேன்னா? மூணு நாளாயிருமே. நெருப்பு செத்துரும்லா?"

எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது, நிலா மேலும் வந்தது. வெளிச்சம் குறைந்துகொண்டே போயிற்று. பிறை தெரிகிற நேரம் ரொம்பக் கொஞ்சம்.

பாபநாசம் விபூதி நெற்றியைத் துண்டால் துடைத்தார். "சரி. இருந்தா தெரியட்டும். இல்லேன்னா மூணாம் நாளும் நான் இங்கனயே கிடந்து அதைப் பாத்துக்கிடுதேன்" என்று சங்கிலியைப் பிடித்து இழுத்தார். மூடி கடகடவென்று இறங்கியது, விரல்கடை இடம் விட்டு நின்றது. புகை மெலிந்தது. கடைசிப் புகையையும் காற்று இழுத்துக்கொண்டு போனது. அத்தனை வருடத்தில் அந்தப் புகைபோக்கி சும்மா நின்று நான் பார்த்ததில்லை.

"அன்னா" என்றார் பாபநாசம். அவருடைய கண்தான் முதலில் கண்டது. உடனே சந்தேகம் வந்து, "நான் பாத்தா செல்லுமாம்மா?" என்று கேட்டார்.

"நீங்க காட்டுங்க, நான் பாக்கேன்."

அவர் விரலை நீட்டினார். அவருடைய விரலுக்கு நேரே, பனைகளுக்கு மேலே, நகம் வெட்டிப் போட்ட அளவுக்கு இருந்தது. ரைஹானத் இரண்டு கையையும் ஏந்தி துஆ ஓதினாள். ஜெனோ விசில் அடித்தான். முதலாளி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பிறகு அவள் போனை எடுத்தாள்.

"என்னங்க, பிறை கண்டாச்சு. சட்டி… ஆமா, சொல்லி வச்ச பெரிய சட்டிதான். அதைவிடப் பெரிசு இருந்தாலும் எடுங்க."

சூளைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இரண்டு நாள் கழித்துப் பாபநாசம் கண்துளையைத் திறந்தபோது உள்ளே செக்கச்செவேலென்று இருந்தது. ஓரத்தில் ஒரு கல் மட்டும் பக்கத்துக் கல்லோடு ஒட்டியிருந்தது, ஒரு குத்தில் பிரிந்துவிட்டது. லீவில் கரியே போடாததால் கணக்கு முறை போட்டதைவிட இன்னும் குறைந்தது. மார்ச் முடிவில் ஐரோப்பாக்காரன் கேட்ட அளவுக்கு வந்து சேர்ந்தோம், மயிரிழையில்தான், ஆனால் வந்து சேர்ந்தோம். நான் முறையைக் கிழித்தேன். அது எனக்குப் பிடித்த வேலைகளில் ஒன்று.

ஆனால் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது பெருநாள் மத்தியானம்தான். மேலப்பாளையத்தில் அவள் வீட்டு மாடியில் பந்தி. ரசீத் தோளில் துண்டோடு தானே பரிமாறினார். வீடியோவில் பார்த்த முகங்களை ஒவ்வொன்றாக நேரில் கண்டுபிடித்து, "நீங்கதானே முத்துமாலை? காளி?" என்று கேட்டுக் கேட்டுப் பிரியாணியை அள்ளி வைத்தார். என் கத்திரிக்காய் என் பாத்திரத்தில் இருந்தது. அதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், கண் வைத்துவிடுவீர்கள். முத்துமாலை ஜெனோவிடம், "லே, இந்தத் தடவை கை கட்ட வந்துருவேல்லா? இப்பமே சொல்லிட்டேன்" என்றான். ஜெனோ வாய் நிறையச் சோற்றோடு தலையாட்டினான்.

பாபநாசம் கடைசியில் வந்தார். வெள்ளை வேட்டி, தலையில் எண்ணெய், புருவம் கறுப்பு. புருவம் கறுப்பு என்று அன்றுதான் எங்களுக்குத் தெரியும். அந்த வீட்டுக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. மாடிப்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நின்றார்.

"எவ்வளவு காட்டுதும்மா?" என்றார்.

ரைஹானத் போனைப் பார்த்தாள். "நல்லாத் தூங்குது மேஸ்திரி. வாங்க, உக்காருங்க."

உட்கார்ந்தார். இலை போடுவதற்குள் மறுபடி, "இப்ப எவ்வளவு?" என்றார். போனையே அவர் கையில் கொடுத்துவிட்டாள். அதைத் தொடைமேல் வைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தவர், சன்னல் ஓரத்தைப் பார்த்து நிறுத்தினார். அங்கே தூக்குச்சட்டி இருந்தது. மூடி இறுக்கி, ஓரத்தில் நெய் கசிந்து, நிறைய.

"இது யாருக்கும்மா கட்டி வச்சிருக்கே?"

ரைஹானத் அதைத் திரும்பிப் பார்த்தாள். காலையில் சட்டியைத் திறந்ததும் கை தானாக முதல் கரண்டியை அதில் போட்டிருக்கிறது, எல்லா வருடமும் போல.

"உங்களுக்குத்தான் மேஸ்திரி" என்றாள். "சூளைக்கு அனுப்பறதுக்கு."

பாபநாசம் போனை எடுத்துத் தரையில் கவிழ்த்து வைத்தார். இடது கையால் தூக்குச்சட்டியைத் தன் இலைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"சரி, குடு. இன்னைக்குச் சூடா திங்கேன்" என்றார்.